பாஸ்தா என்றால் போதும்

ஜூன் 11, செவ்வாய்

பேச்சுப் பயிற்சி தரும் நர்மதா மேடம் இந்த நோட்டைப் போடச் சொன்னார். என் மனைவி டெல்பின் ஒரு நாளில் சொல்லும் வார்த்தைகளை எல்லாம் எழுத வேண்டுமாம், அர்த்தம் தெரியாவிட்டாலும். இறால் ஏற்றுமதி கம்பெனியில் முப்பத்தொரு வருடம் தரம் பிரிக்கும் சூப்பர்வைசராக இருந்தவன் நான். நோட்டுப் போடுவது புதிதில்லை.

மே நான்காம் தேதி காலையில் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் விழுந்துவிட்டாள். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயின, பேச்சும் போயிற்று. மகள் ஷெர்லின் கைக்குழந்தையோடு வந்து இருபது நாள் இருந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பிவிட்டாள். இப்போது நாங்கள் இரண்டு பேர்தான்.

போன வாரம் பேச்சு கொஞ்சம் வந்தது. தமிழ் இல்லை. டெல்பின் பதினாலு வருடம் இத்தாலியில் வீடுகளில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். சனவரியில்தான் ஒரேயடியாக ஊருக்கு வந்தாள். "கடைசியா எந்த பாஷை அதிகமாப் பேசினாங்களோ, சிலருக்கு அது முதல்ல வரும் சார். தமிழ் பின்னாடி வரலாம். வராமலும் போகலாம். காத்திருக்கணும்" என்றார் மேடம்.

காத்திருந்து பழக்கம்தான் என்றேன். மேடம் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

இன்றைய வார்த்தைகள்: நோ, நான்கு முறை. பாஸ்தா, ஆறு முறை. ஆல்தோ, இரண்டு முறை.

ஜூன் 12, புதன்

நோ 3. பாஸ்தா 5. ஆல்தோ 4. இந்த ஆல்தோ என்னவென்று தெரியவில்லை. சமையல் சாமானாக இருக்கலாம்.

ஜூன் 13, வியாழன்

கஞ்சி ஊட்டும்போதுதான் அந்த வார்த்தை வருகிறது. நாலு கரண்டி உள்ளே போனதும் "பாஸ்தா" என்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். பதினாலு வருடம் அந்த ஊர்ச் சாப்பாடு சாப்பிட்ட நாக்கு, கேட்கத்தான் செய்யும்.

சாயங்காலம் சூப்பர் மார்க்கெட் போனேன். சிறு சிறு குழாய் போல ஒன்று இருந்தது. வாங்கிவந்தேன். பாக்கெட்டின் பின்னால் செய்முறை போட்டிருந்தது, எழுத்து பொடியாக இருந்ததால் படிக்கவில்லை.

ஜூன் 14, வெள்ளி

கடுகு, உளுந்து, வெங்காயம், தக்காளி எல்லாம் தாளித்து, வேகவைத்த குழாயைப் போட்டுக் கிளறினேன். மேடம் சொன்னபடி குழைய வேகவைத்துச் சின்னதாக நறுக்கிக் கொடுத்தேன். இரண்டு கரண்டி வாங்கினாள். மூன்றாவதற்கு "பாஸ்தா" என்றாள்.

"இதுதான் பாஸ்தா" என்றேன்.

"பாஸ்தா" என்று முகத்தைத் திருப்பினாள்.

இன்னும் கேட்கிறாள் என்று ஒரு கரண்டி அள்ளினேன். இடது கையால் தட்டைத் தள்ளிவிட்டாள். தட்டு உடைந்துவிட்டது. அழுதாள். நான் தரையைத் துடைத்தேன். கேட்டதைத்தானே செய்து கொடுத்தேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று தெரியவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது கான்வென்ட் சிஸ்டர் லியோன்சியாவைப் பார்த்தேன். எட்டு வருடம் இத்தாலியில் மடத்து ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவர். இடிந்தகரைக்காரர், எதையும் சுற்றி வளைக்க மாட்டார். விஷயத்தைச் சொன்னதும் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டார்.

டெல்பினிடம் ஏதோ கேட்டார். டெல்பின் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று நான்கு வார்த்தை சொன்னாள். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அவள் ஒருவரோடு பேசியதைப் பார்த்தேன். நான் காப்பி போடப் போனேன்.

சிஸ்டர் அடுக்களைக்கு வந்து, "அண்ணாச்சி, அவ பாஸ்தா கேக்கல. வேணாம்னு சொல்லுதா" என்றார்.

"பாஸ்தான்னுதான சிஸ்டர் சொல்லுதா."

"அந்த ஊர்ல ரெண்டு வார்த்தை இருக்கு. ஒண்ணு சாப்பிடுத சாமான். இன்னொண்ணு, முதல் எழுத்தக் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும், அதுக்குப் போதும்னு அர்த்தம். நம்ம எழுத்துல எழுதுனா ரெண்டும் ஒண்ணுதான். அவ அஞ்சு நாளா உங்ககிட்ட போதும் போதும்ங்கா. நீங்க இன்னும் இன்னும்னு ஊட்டுதீங்க."

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்திருக்க வேண்டும்.

அவர் போன பிறகு நோட்டைத் திறந்து 'பாஸ்தா' என்று எழுதியிருந்த இடத்தில் எல்லாம் பக்கத்தில் 'போதும்' என்று எழுதினேன். இந்த வார்த்தையை அவள் தமிழிலும் என்னிடம் சொல்லியிருக்கிறாள். போனில். அது பழைய கதை.

ஜூன் 18, செவ்வாய்

மீன்பிடித் தடை முடிந்து போட்டெல்லாம் கடலுக்குப் போய்வருகிறது. மீன் விற்கும் ரஞ்சிதம் காலையில் வாசலில் கூடையை இறக்கினாள். டெல்பினை முன்னறையில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். கூடையைப் பார்த்ததும் இடது கையை நீட்டி, "காம்பரி" என்றாள். தெளிவாக.

ரஞ்சிதம் கையில் இறால் இருந்தது.

"காம்பரி?" என்று கேட்டேன். தலையாட்டினாள். விழுந்த பிறகு ஒரு பொருளைக் காட்டி அதன் பெயரைச் சொன்னது இதுதான் முதல் தடவை. அரைக்கிலோ போடச் சொன்னேன்.

"அண்ணாச்சி, நீங்களா இறால் வாங்குதீங்க? கம்பெனி வாடையே போதும்னு சொல்லுவீங்களே" என்றாள் ரஞ்சிதம்.

உண்மைதான். முப்பத்தொரு வருடத்தில் வீட்டுக்கு இறால் வாங்கியதில்லை. பெரியதை எல்லாம் ஐஸில் அடுக்கிக் கப்பலில் அனுப்பினோம். அதில் ஒன்றாவது அவள் இருந்த ஊருக்குப் போயிருக்குமா என்று கம்பெனியில் நிற்கும்போது நினைத்ததுண்டு. யாரிடமும் சொன்னதில்லை.

ஜூன் 19, புதன்

மிச்சமிருந்த குழாய் பாஸ்தாவில் இறால் போட்டு, சீஸ் துருவிப் போட்டுக் கொடுத்தேன். இறாலை மட்டும் பொறுக்கித் தின்றாள். சீஸைத் துப்பிவிட்டாள். நோ 7.

ஜூன் 21, வெள்ளி

இறால் பாஸ்தா எப்படிச் செய்வதென்று டெல்பினிடமே கேட்டுச் சொல்லச் சிஸ்டரை வரச் சொல்லியிருந்தேன். டெல்பினைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி அடுக்களை வாசலில் வைத்தேன். அவள் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, சிஸ்டர் தமிழாக்க, நான் செய்தேன்.

இறால் தலையை எறியக் கூடாது. ஓட்டோடு எண்ணெயில் வதக்கித் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து வடித்துக்கொள்ள வேண்டும். பூண்டைத் தட்டக் கூடாது, மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆலிவ் எண்ணெய் சூடேறுமுன்பே பூண்டும் கிள்ளிய வற்றலும் போட வேண்டும். நான் அடுப்பைக் கூட்டினேன். பின்னாலிருந்து "பியானோ, பியானோ" என்றாள்.

"மெதுவா, மெதுவா" என்றார் சிஸ்டர்.

பிறகு தக்காளி, வடித்த இறால் தண்ணீர். அந்த ஊரில் வெள்ளை ஒயின் விடுவார்களாம். "அதுக்கு நான் சாமியார்கிட்டதான் கேக்கணும், கேக்க மாட்டேன்" என்று எலுமிச்சம்பழம் பிழிந்தார் சிஸ்டர். இந்தத் தடவை சேமியா மாதிரி நீளமான பாஸ்தா கிடைத்திருந்தது. அது முக்கால் வெந்ததும் எடுத்துக் குழம்பில் போட்டு அதிலேயே வேகவைக்க வேண்டும். இறாலைக் கடைசியில் போட்டு, நிறம் மாறியதும் அடுப்பை அணைக்க வேண்டும். மீன், இறால் போட்டால் சீஸ் தொடவே கூடாது.

"வத்தல் இன்னும் போடச் சொல்லுதா" என்றார் சிஸ்டர்.

"இத்தாலிக்காரன் இவ்வளவு காரமா திம்பான்?"

"இவ போய் மாத்தியிருப்பா."

நறுக்கிக் கொடுத்தேன். டெல்பின் சாப்பிட்டாள். துப்பவில்லை, தள்ளவில்லை. பாதித் தட்டு தீர்ந்தபோது என்னைப் பார்த்தாள். விழுந்த நாளிலிருந்து அப்படிப் பார்க்கவில்லை. என் முழங்கையைத் தொட்டு, "ஆல்தோ, மாஞ்ஜா" என்றாள்.

சிஸ்டரைப் பார்த்தேன். "மாஞ்ஜான்னா சாப்பிடுன்னு அர்த்தம்" என்றார்.

"ஆல்தோ?"

சிஸ்டர் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அது ஆம்பளப் பேரு அண்ணாச்சி."

ஜூன் 22, சனி

சிலிண்டர் தீர்ந்துவிட்டது. சமைக்கவில்லை. ஓட்டலில் இட்லி வாங்கிவந்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

இட்லி. பூசைக்குப் போகவில்லை. காற்று அதிகம், வீடெல்லாம் மணல்.

ஜூன் 25, செவ்வாய்

நர்மதா மேடம் நோட்டைப் பார்த்துவிட்டு மூன்று நாளாக ஏன் வார்த்தைகள் எழுதவில்லை என்று கேட்டார். அவள் பேசவில்லை என்றேன். பேசினாள்.

ஜூன் 26, புதன்

சிலிண்டர் தீரவில்லை. நோட்டில் பொய் எழுதுவது சரியில்லை என்பதால் எழுதிவைக்கிறேன்.

கல்யாணமாகி முப்பது வருடத்தில் டெல்பின் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏங்க' என்பாள். அந்த 'ஏங்க'வில் கோபம் ஒரு மாதிரி இருக்கும், பசி ஒரு மாதிரி இருக்கும். போனில் அது சரியாகக் கேட்காது. சனவரியில் வந்திறங்கியபோது மதுரை விமான நிலையத்தில் பின்னாலிருந்து 'ஏங்க' என்றாள். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவளுடைய பழைய போனைச் சார்ஜ் போட்டேன். தேடுவதற்காக இல்லை, பேட்டரி கெட்டுவிடும் என்பதற்காக. அதில் கியாரா என்ற பெயரில் ஒரு நம்பர் இருந்தது. கியாரா அவள் கடைசியாக வேலை பார்த்த வீட்டுக்கார அம்மா என்று தெரியும். அங்கே ஒரு முதியவர் படுக்கையில் இருந்ததும் தெரியும். பெயர் கேட்டதில்லை. பதினாலு வருடத்தில் நான் கேட்காதது நிறைய.

ஜூன் 29, சனி

சிஸ்டர் வந்தார். டெல்பின் தூங்கியபோது மாடியில் உட்கார்ந்து அந்த நம்பருக்குப் போட்டோம். கியாரா எடுத்தார். டெல்பின் விழுந்தது அவருக்குத் தெரியாது. சிஸ்டர்தான் சொன்னார். பிறகு அந்த அம்மா பேசிக்கொண்டே இருந்தார். சிஸ்டர் இடையிடையே நிறுத்தி எனக்குச் சொன்னார். ஞாபகத்தில் உள்ளதை எழுதுகிறேன்.

ஆல்தோ கியாராவின் அப்பா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவருக்கும் பக்கவாதம்தான். ஒன்பது வருடம் படுக்கை. போன நவம்பரில் இறந்தார். கடைசி நாளில் டெல்பின் கையைத்தான் பிடித்திருந்தாராம்.

அவருக்கு ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியிருந்தது. ரோசா. அது இறந்துபோன அவர் மனைவியின் பெயர். டெல்பினை ரோசா என்றுதான் கூப்பிடுவார். தண்ணீர் வேண்டுமென்றாலும் ரோசா, வலித்தாலும் ரோசா.

"முதல்ல கொஞ்ச நாள், நான் ரோசா இல்ல, டெல்பின்னு திருத்திப் பாத்தாளாம். பெறவு விட்டுட்டாளாம். ஏன் விட்டுட்டன்னு இந்தம்மா கேட்டிருக்காங்க. அவருக்குக் கூப்பிட ஆள் வேணும், பேரு எதுவா இருந்தா என்னன்னு சொன்னாளாம்" என்றார் சிஸ்டர்.

வெள்ளிக்கிழமை தோறும் அந்த இறால் பாஸ்தா செய்வாளாம். கிழவருக்குக் காரம் பிடிக்கும். ஒவ்வொரு வாயாக ஊட்டிக்கொண்டே தமிழில் பேசுவாளாம். அவருக்கு எந்தப் பாஷையும் ஒன்றுதானே. என்ன பேசுகிறாய் என்று கியாரா ஒருநாள் கேட்டிருக்கிறார். டெல்பின் சொன்னதை அந்த அம்மா மறக்கவில்லை. சிஸ்டர் அதை மெதுவாகச் சொன்னார்:

"எங்க வீட்டுல இப்போ மணி நாலு. அவரு கம்பெனிலருந்து வந்திருப்பாரு. சோப்புப் போட்டுக் கை கழுவுவாரு, வாடை போகாது. மத்தியானம் மிஞ்சுன சோத்த நின்னுகிட்டே தின்னுருப்பாரு. சொன்னாக் கேக்க மாட்டாரு."

போனை வைத்த பிறகு சிஸ்டர், "அண்ணாச்சி, இப்ப அவளுக்கு ஊட்டி விடுத ஆளு நீங்க. அவ நெனப்புல ஊட்டுத எடம்னா அங்க ஆல்தோ இருந்தாரு. இடம் மாறிப்போச்சு, அவ்வளவுதான்" என்றார்.

நான் துணிக்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மே நான்காம் தேதி அவள் மாட்டிய கிளிப்புகள் இரண்டு இன்னும் அதில் இருந்தன.

ஜூலை 5, வெள்ளி

தனியாகவே செய்தேன். பூண்டு ஒரு பக்கம் கருகிவிட்டது. "ஆல்தோ" என்றாள். "ம்" என்றேன்.

ஜூலை 8, திங்கள்

இடது கையால் முள்கரண்டி பிடிக்கிறாள். மேடத்துக்குச் சந்தோஷம். ஷெர்லின் வீடியோவில் பார்த்துவிட்டு, "அம்மா, என்னத் தெரியுதா?" என்றாள். டெல்பின் திரையைத் தடவினாள். ஷெர்லின், "அப்பா, அம்மாவுக்குத் தமிழ் வந்துரும்ல?" என்றாள். வரும் என்றேன். எனக்குத் தெரியாது.

தினமும் காலையில் கண் விழித்ததும் அசையாமல் கிடக்கிறேன். அவள் முதலில் விழித்து என்னைக் கூப்பிட்டால் எந்த வார்த்தை வருகிறதென்று பார்க்கத்தான்.

ஜூலை 12, வெள்ளி

இன்று பாஸ்தா நன்றாக வந்தது. கொஞ்சம் நறுக்கிக் கொடுத்தேன். தானே எடுத்துச் சாப்பிட்டாள். என் கைக்கு வேலை இல்லை. பக்கத்தில் நின்றுகொண்டு பேச ஆரம்பித்துவிட்டேன். ஆல்தோவுக்கு அவள் தமிழில் பேசியதுபோல, பதில் வராது என்கிற தைரியத்தில்.

"அஞ்சு வருசத்துக்கு முந்தி ஒரு ஞாயித்துக்கிழமை போன்ல சொன்னியே, 'ஏங்க, போதும்ங்க, நான் வந்துருதேன்'னு. ஷெர்லின் படிப்பு முடிஞ்சிருந்தது. வீடும் கட்டியாச்சு. நீ அங்க இருக்கிறதுக்கு ஒரு காரணமும் இல்ல. நான்தான் இன்னும் ஒரு வருசம் இருன்னேன். மறுவருசமும் அதையே சொன்னேன். ஷெர்லின் கல்யாணத்துக்கு வந்தப்பவும் திருப்பி அனுப்புனேன்."

அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"பணத்துக்கில்ல டெல்பின். எனக்குப் பயம். உன்கூட இருக்கிறது எப்படின்னு மறந்துபோச்சு. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஒரு மாசம் வருவ. விருந்தாளி மாதிரி பாத்துக்கிடலாம். தினம் தினம்னா என்ன பேசுததுன்னு தெரியல. தனியா இருந்து பழகிட்டேன். நீ வந்த பெறவும் நாலு மாசம் ரெண்டு பேரும் மரியாதையாவே பேசிக்கிட்டோம். நாளைக்குப் பேசிக்கிடலாம்னு ஒவ்வொரு நாளும் தள்ளுனேன். பெறவு நீ விழுந்துட்ட."

முள்கரண்டியை வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தாள். "லோ சோ" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "லோ சோ." பிறகு மீதியைச் சாப்பிட்டாள்.

சிஸ்டரிடம் கேட்க வேண்டும்.

ஜூலை 13, சனி

கேட்டேன். 'எனக்குத் தெரியும்' என்று அர்த்தம்.

ஜூலை 17, புதன்

மூன்று நாளாக ஒன்றும் எழுதவில்லை. அவள் பேசினாள். எழுத முடியாததற்குக் காரணம் அவள் இல்லை.

என் பயம் அவளுக்கு எவ்வளவு நாளாகத் தெரியும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தெரிந்துகொண்டே அந்த அறையில் உட்கார்ந்து, என் கை வாடையைப் பற்றி ஒரு கிழவரிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஜூலை 20, சனி

மேடம் மாதக் கணக்குப் பார்த்தார். முப்பத்தெட்டு வார்த்தைகள் வந்திருக்கின்றன. தமிழ் ஒன்றும் இல்லை. "சார், மனசு விட்டுராதீங்க" என்றார். "நான் வேணா அந்தப் பாஷை கொஞ்சம் படிச்சிக்கிடுதேன் மேடம்" என்றேன். மேடம் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "அது இன்னும் நல்லது" என்றார்.

சிஸ்டர் வாரம் இரண்டு நாள் சொல்லித்தர ஒப்புக்கொண்டார். அறுபது வயது மாணவனுக்குப் பிரம்பு உண்டு என்று எச்சரித்தார்.

ஜூலை 26, வெள்ளி

பனிமய மாதா கோயிலில் இன்று கொடியேற்றம். தெருவெல்லாம் கூட்டம். ரஞ்சிதம் கூட்டத்துக்குள் புகுந்து வந்து நல்ல வெள்ளை இறாலாகக் கொடுத்துவிட்டுப் போனாள். கையில் எடுத்ததுமே கிலோவுக்கு முப்பது நிற்கும் என்று தெரிந்தது. கம்பெனியில் இதைப் பெட்டியில் அடுக்கியிருப்போம்.

மத்தியானம் சமைத்தேன். அவளுக்குத் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வழக்கம்போலப் பக்கத்தில் நின்றேன். அவள் சாப்பிட்டு முடித்தபிறகு அடுக்களையில் நான் சாப்பிடுவது வழக்கம்.

அவள் சாப்பிடவில்லை. முள்கரண்டியைத் தொடாமல் இருந்தாள். உப்புக் குறைவோ என்று கேட்டேன். பிறகு இடது காலால் எதிர் நாற்காலியை உதைத்தாள். அது கொஞ்சம் பின்னால் நகர்ந்தது.

"சியேதிதி" என்றாள்.

புது வார்த்தை. நோட்டில் இல்லாதது.

"சியேதிதி" என்று மறுபடி சொல்லி, நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பொறுமை இல்லை. ஒரு பேரும் சொல்லவில்லை. ஆல்தோ என்றும் சொல்லவில்லை.

இதற்குச் சிஸ்டரைக் கேட்கத் தேவைப்படவில்லை. அடுக்களைக்குப் போய் இன்னொரு தட்டு எடுத்துவந்து, சட்டியில் இருந்ததைப் போட்டுக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். நான் ஒரு வாய் எடுத்த பிறகுதான் அவள் தன் முள்கரண்டியைத் தொட்டாள்.

வற்றல் கூடிவிட்டது. இரண்டு பேருக்கும் மூக்கில் தண்ணீர். தோளில் கிடந்த துண்டை எடுத்து நடுவில் வைத்தேன். மாற்றி மாற்றித் துடைத்துக்கொண்டு சட்டியைக் காலி செய்தோம்.